இரண்டு பேர் போட்ட இனிப்பு

"பெட்டி ஆடுது" என்றான் எசேகியேல், யாரிடமும் சொல்லாதவன் போல.

"அம்மா, பெட்டி ஆடுதாம்" என்றாள் லிவென் பின் இருக்கையிலிருந்து.

"மெதுவா ஓட்டினா ஆடாதுன்னு அப்பாகிட்ட சொல்லு."

"அப்பா, மெதுவா..."

"கேட்டுச்சு."

"கேக்குதுல்ல? அப்புறம் நடுவுல நான் எதுக்கு? நான் என்ன ரேடியோவா?"

மலைக்கு அந்தப் பக்கம் ஃபோன் எடுக்காத ஊர்களுக்கெல்லாம் இன்னும் ரேடியோவில்தான் சேதி போகும். இன்னாருக்குக் குழந்தை பிறந்தது, இன்னார் பாலத்துக்குக் குதிரை அனுப்பவும் என்று மத்தியானம் வாசிப்பார்கள். வேறு நாளாக இருந்தால் மகள் சொன்னதற்கு யானினா சிரித்திருப்பாள். இன்று ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். தூசி வந்தது. ஏற்றினாள். புழுங்கியது. மறுபடியும் இறக்கினாள்.

அவளுக்கு உட்கார முடியவில்லை. ஹெர்மினியாவின் தோட்டத்தில் இன்று எல்லோரும் கூடுகிறார்கள். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடியின் அறுவடை முடிந்த முதல் ஞாயிறு, பள்ளத்தாக்கில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் பாட்டில்களோடு அங்கே வந்துவிடுவார்கள். அதற்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருப்பாள். ஆனால் இந்த வருஷம் தார்தோவும் வருகிறான். எசேகியேலின் தம்பி. நாளை விடியற்காலை அவன் கொமதோரோவுக்கு, எண்ணெய்க் கிணறுகளுக்குத் திரும்புகிறான். அவனுடைய வண்டியில் அண்ணனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறான். தொழிலாளர் முகாமில் ஒரு குளிர்காலத்துக்குத் தச்சன் வேலை. வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்றை எசேகியேல் இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

ஒரு குளிர்காலத்துக்கு என்று போனவன்தான் தார்தோவும். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

இந்தப் பேச்சு முதலில் வந்தபோது யானினா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "போறதுன்னா போ" என்றாள், திரும்பாமலே. "சரி" என்றான் அவனும். அதோடு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. உப்பு எங்கே, சாவி எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஹெர்மினியாவின் வாசலில் வண்டி நின்றதும் லிவென் குதித்து மற்றப் பிள்ளைகளோடு ஓடிவிட்டாள். கொடிகளை அறுத்துவிட்ட தோட்டத்தில் உயரமான கம்பங்கள் மட்டும் நின்றன. காற்றில் ஹாப்ஸ் வாசம். வாதுமை மரத்தடியில் நீள மேசை. சற்றுத் தள்ளி, இரும்புச் சிலுவையில் விரித்த ஆட்டுக்குட்டி காலையிலிருந்து நெருப்பின் முன்னால் சாய்ந்து வெந்துகொண்டிருந்தது.

"வந்தாச்சா ஜோடி" என்றாள் ஹெர்மினியா. அறுபது தாண்டியவள், தோட்டமும் அவளுடையது, வாயும் அவளுடையது. "ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு? பீர் புளிச்சுப் போச்சா?"

"இன்னும் ருசி பாக்கல தோன்யா" என்றாள் யானினா. மூத்த பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பாக்கலையா?" ஹெர்மினியா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பாட்டில் அடைத்து இரண்டாவது வாரம் ஒன்றைத் திறந்து பார்க்காதவர்கள் யார்? எப்போதும் யானினாவும் எசேகியேலும் அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்து அந்த ஒரு பாட்டிலைப் பாதிப் பாதி குடிப்பார்கள். இந்தத் தடவை அவன் எடுப்பான் என்று அவள் இருந்தாள். அவன் என்ன நினைத்தானோ, பாட்டில் பெட்டி அடுப்புக்குப் பின்னால் வெதுவெதுப்பில் அப்படியே கிடந்தது.

எசேகியேல் ஒரு பாட்டிலை மட்டும் உருவி மேசைக்குக் கொண்டு வந்தான். பெட்டி வண்டியின் பின்தட்டிலேயே வெயிலில் இருந்தது. அவனுக்கும் இன்று கவனம் ஒன்றிலும் இல்லை.

இந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. தன் பாட்டிலைத் தானே திறக்கக் கூடாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் திறந்து, எல்லோருக்கும் இரண்டு விரற்கடை ஊற்றி, முதலில் குடித்து, மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சியவர் வாயைத் திறக்க முடியாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் அவர் முறை.

எசேகியேலின் இடப்பக்கம் தார்தோ வந்து உட்கார்ந்தான். புது பூட்ஸ், புது கடிகாரம். "அண்ணி, நல்லாருக்கீங்களா?" என்றான். எதிரே இருந்த யானினா ரொட்டிக் கூடையை நகர்த்தி வைத்தாள். பிறகு எடுத்து பழைய இடத்திலேயே வைத்தாள்.

முதலில் ஹெர்மினியாவின் கறுப்பு பீர். எல்லோரும் பாராட்டினார்கள், அதில் குறை சொல்லிவிட்டு அவள் வீட்டு ஆட்டுக்கறியைத் தின்ன யாருக்கும் தைரியமில்லை. அடுத்தது போச்சாவுடையது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரிய உடம்புக்காரன். இந்த வருஷம் பைன் மரத்தின் இளந்தளிரைப் போட்டுக் காய்ச்சியிருந்தான். ஹெர்மினியா குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள்.

"போச்சா, எனக்கு இப்ப வீட்டுத் தரையைத் துடைக்கணும் போல இருக்குடா."

"ஏன் தோன்யா?"

"வாசனை அப்படி."

மேசை குலுங்கச் சிரித்தது. போச்சா வாயைத் திறக்க முடியாமல் தலையில் அடித்துக்கொண்டான். அவன் முறை வந்ததும், "அடுத்த வருஷம் உங்களுக்குன்னு தனியா எலுமிச்சை வாசனையில காய்ச்சறேன். ஜன்னலும் துடைக்கலாம்" என்றான்.

யானினா சிரித்தவர்களோடு சிரித்தாள். கண் மட்டும் எதிரே இருந்தது. அண்ணன் காதருகே தார்தோ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். எசேகியேல் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டுகிறான்? சம்மதத்துக்கா, கேட்டுக்கொள்கிறேன் என்பதற்கா? அவள் எழுந்து தண்ணீர் ஜாடியை நிரப்பப் போனாள். அது முக்கால்வாசி நிறைந்துதான் இருந்தது.

திரும்பி வந்தபோது அவர்கள் பாட்டில் தார்தோவின் கையில் இருந்தது. மூடி திறப்பானால் பாட்டில் கழுத்தில் தட்டித் தட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். "அங்க காத்து அடிச்சா வண்டிக் கதவே பிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று பாட்டிலையே வண்டியாக்கி ஆட்டிக் காட்டினான்.

"ஆட்டாதடா, நுரைச்சுக் கொட்டும்" என்றாள் ஹெர்மினியா. "எசே, இந்தத் தடவை மூடுறதுக்கு முன்னால என்ன போட்ட? வழக்கம் போலச் சர்க்கரைதானா?"

"இல்ல, தேன்" என்றான் எசேகியேல். "வீட்டுத் தேன் ஊத்தினேன்."

யானினாவின் கையில் ஜாடி நின்றது.

மூடி போடுவதற்கு முன் பீரில் கொஞ்சம் இனிப்பு சேர்ப்பது எல்லோர் வழக்கமும்தான். ஈஸ்ட் அதைத் தின்று, மூடிய பாட்டிலுக்குள் காற்றை நிரப்பும். அளவாகப் போட்டால் நுரை. அளவு தப்பினால் கண்ணாடி தாங்காது. அந்தச் சனிக்கிழமை காலை சர்க்கரையைக் காய்ச்சிப் பீர் வாளியில் ஊற்றியது அவள். ஊற்றிவிட்டு லிவெனை அழைத்துவரப் போனாள். வந்தபோது எசேகியேல் பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்திருந்தான். அவன் நிரப்பினான், அவள் மூடி அழுத்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் "இனிப்பு போட்டாச்சா?" என்று யாராவது ஒருவர் கேட்பார்கள். "நீதான் இருக்கியே, போதாதா?" என்று மற்றவர் சொல்லியாக வேண்டும். அசட்டுத்தனமான பேச்சுதான். ஆனால் அந்த அசட்டுத்தனத்தில்தான் கணக்கு தப்பாமல் இருந்தது. அன்று யாரும் கேட்கவில்லை.

தார்தோ திறப்பானை மூடியில் மாட்டினான். முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான்.

"தார்தோ, அதைக் கீழ வை."

"என்ன அண்ணி?"

"கீழ வை. திறக்காதே."

தார்தோ சிரிக்கப் பார்த்தான். "என் கையால திறக்கக் கூடப் பிடிக்கலையா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. எம்மேல இருக்கற கோபத்தை பீர் மேல காட்டாதீங்க."

"உன் மேல கோபம் இருக்கறது நிஜம். ஆனா இது அது இல்ல. மூஞ்சிக்கு நேரா பிடிக்காதே, மெதுவா கீழ வை."

"அவன் என்ன சின்னப் பையனா, நான் கட்டி இழுத்துட்டுப் போக? அவனுக்கு வர்றதுன்னா வருவான். நீங்களேதான் போன்னு சொன்னீங்களாம்."

யானினா கணவனைப் பார்த்தாள். அதையும் சொல்லியிருக்கிறான். எல்லோரும் ஆட்டுக்குட்டியைப் பார்த்தார்கள்.

"யானி" என்றான் எசேகியேல். இத்தனை நாளில் முதல் தடவையாக நேராக அவளிடம். "என்ன ஆச்சு?"

"நீ தேன் ஊத்தினே. நான் அதுக்கு முன்னாலயே சர்க்கரை ஊத்திட்டேன்."

அவன் முகம் மாறியது. அவன் வாயைத் திறப்பதற்குள் வண்டிப் பக்கமிருந்து துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். ஹெர்மினியாவின் நாய் கோழிக்கூண்டுக்குள் புகுந்தது. கோழிகள் வெளியே வந்தன. வண்டியின் பின்தட்டிலிருந்து நுரை ஒழுகியது.

தார்தோ பாட்டிலைக் கையில் வைத்தபடி சிலையாகிவிட்டான். யானினா மேசையைச் சுற்றிப் போய், ஈரத் துணியைப் போட்டு அதை மூடி, தூங்குகிற குழந்தையை வாங்குவது போல வாங்கினாள்.

"பிள்ளைங்க எங்க?" என்றாள்.

"வைக்கோல் கொட்டகையில" என்றாள் ஹெர்மினியா. "யாரும் அங்கேருந்து நகரக் கூடாதுன்னு நான் போய்ச் சொல்றேன். போச்சா, உன் முகமூடியை எடுத்துக் குடு. இந்த வருஷம் நீ கொண்டு வந்ததுல உருப்படியானது அதுதான்."

ஒரு முகமூடிதான் இருந்தது. வெல்டிங்கின்போது போடுவது, நெற்றி முதல் தாடை வரை மறைக்கும், முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டாலும் கண்கள் மட்டும்தான் தெரியும். எசேகியேல் அதை மாட்டிக்கொண்டு, ஹெர்மினியாவின் மாட்டுத்தோல் கோட்டையும் போட்டுக்கொண்டு, நனைத்த சாக்கைப் பெட்டிமேல் போட்டுத் தூக்கினான்.

"நீ இங்கயே இரு" என்றான்.

"மாட்டேன்."

"யானி."

"ரெண்டு பேரும்தானே போட்டோம்."

போச்சா இன்னொரு கோட்டையும், வாணலி மூடி ஒன்றையும் அவளிடம் நீட்டினான். "கேடயம்" என்றான் பவ்யமாக.

தோட்டத்தின் ஓரத்தில் மலையிலிருந்து வரும் வாய்க்கால் ஓடுகிறது. கோடையிலும் கை வைத்தால் எலும்பு நோகும். பெட்டியையும் மேசையிலிருந்து எடுத்த பாட்டிலையும் அதற்குள் இறக்கிவிட்டுக் கரையில் தள்ளி உட்கார்ந்தார்கள். குளிர்ந்தால் உள்ளே இருக்கும் வேகம் அடங்கும். அதன் பிறகு ஒவ்வொன்றாக மூடியை லேசாக நெம்பி, காற்றை வெளியே விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருப்பதுதான் இப்போது யானினாவுக்கு வராதது. புல்லைப் பிடுங்கினாள். கல்லை எடுத்தாள், போட்டாள்.

"எதுக்குத் தேன்?" என்றாள் கடைசியில்.

முகமூடி அவள் பக்கம் திரும்பியது. "போன வருஷம் இங்க ஒரு தேன் பீர் குடிச்சியே. நல்லாருக்குன்னு ரெண்டு தடவை சொன்னே."

"அதுக்கு?"

"சமாதானத்துக்கு ஊத்தினேன்."

"சமாதானத்தை பாட்டில்ல அடைச்சு வச்சா யாருக்குத் தெரியும்? வாயால சொல்லணும்."

"நீ எதுக்கு நான் வர்றதுக்குள்ள சர்க்கரை போட்டே? எப்பவும் சேர்ந்துதானே போடுவோம்."

யானினா பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். "சீக்கிரம் முடிச்சா உன் மூஞ்சியைக் கொஞ்சம் குறைச்சலாப் பாக்கலாம்னுதான்."

முகமூடிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "இப்ப மூஞ்சியே தெரியல. சந்தோஷமா?"

அவன் எழுந்து முதல் பாட்டிலைச் சாக்கோடு சேர்த்து எடுத்து, தூரமாகப் பிடித்து, மூடியை நெம்பினான். பாம்பு சீறுவது போல நீண்ட சத்தம். நுரை பொங்கி அவன் கையில் வழிந்தது. அடங்கியதும் அவளிடம் நீட்டினான். அவள் மூடியை அழுத்தி வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. கைகளுக்கு வேலை பழகியது. யார் எப்போது நீட்ட வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்தது. அப்படித் தெரிவதுதான் தங்கள் வீட்டில் இப்போது பிரச்சினை என்று அவளுக்குத் தோன்றியது.

கேட்டுவிட்டாள். "போறியா?"

அவன் அடுத்த பாட்டிலை எடுத்து நெம்பினான், அது சீறி அடங்கியது. முகம் தெரியாததால் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. முகம் தெரியாததால்தான் அவனால் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"பாதி ஆசை இருக்கு யானி. பொய் சொல்ல மாட்டேன். தச்சுப் பட்டறையில ஆர்டர் இல்லாம தூசி தட்டிக்கிட்டே உக்காந்திருக்கேன். தார்தோ பேசறப்ப எனக்கும் கால் பரபரன்னு இருக்கு. அங்க யாரும் என்னை 'பாவம் எசே'ன்னு பாக்க மாட்டாங்க."

"இங்க யார் அப்படிப் பாக்கறா?"

"நான்தான். கண்ணாடியில."

"மீதிப் பாதி?"

"அது நீ போகாதேன்னு சொல்லுவேன்னு உக்காந்துக்கிட்டு இருக்கு. நீ போன்னு சொன்னே."

"நீ திரும்பி 'நிஜமாவா சொல்றே'ன்னு கேப்பேன்னு நினைச்சேன். நீ சரின்னே." மூடியைத் தேவைக்கு மேல் அழுத்தினாள். "நான் போகாதேன்னு சொல்லி, நீ இருந்து, நாளைக்கு உன்னாலதான் போச்சுன்னு சொன்னா? அந்தப் பேச்சை எப்படித் தாங்கறது? அதனாலதான் வாயை மூடிக்கிட்டேன்."

வாய்க்காலில் ஒரு பாட்டில் மற்றொன்றோடு உரசியது. இருவரும் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்கள். ஒன்றுமில்லை.

"போகாதே" என்றாள் யானினா. "இப்ப சொல்றேன். என் மேல பழி போட்டாலும் போட்டுக்க. அதை நேருக்கு நேரா சொல்லு, நானும் திருப்பிச் சண்டை போடறேன். பட்டறை விஷயத்தையும் ஒளிக்காம பேசு. ஆனா போகாதே."

அவள் முகமூடியையே பார்த்தாள். அதன் நெற்றியில் போச்சா எப்போதோ ஒட்டிய கால்பந்து ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. அவன் குனிந்து கடைசிப் பாட்டிலை எடுத்தான். நெம்பினான். சீறியது. நீட்டினான். அவள் அழுத்தினாள்.

"அங்க என்ன, கல்யாணமா நடக்குது? கறி ஆறுது" என்று ஹெர்மினியாவின் குரல் வந்தது.

அவன் பெட்டியைத் தூக்கினான். பாதி பீர் புல்லுக்குப் போயிருந்தது. யானினா வாணலி மூடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

மேசையில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். லிவென் ஓடி வந்து அப்பாவின் முகமூடியைத் தானே கழற்றினாள். அவன் முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. அதில் எந்தப் பதிலும் எழுதியிருக்கவில்லை.

"சட்டம் சட்டம்தான்" என்றான் தார்தோ. குரலில் பழைய வேகம் இல்லை. "நான்தான் திறக்கணும். அண்ணி, இப்பத் திறக்கலாமா?"

"திற. தள்ளிப் பிடிச்சுத் திற."

கையை நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு திறந்தான். மெல்லிய ஒரு 'ஸ்' மட்டும் வந்தது. எல்லோருக்கும் ஊற்றினான். முதலில் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"ரெண்டு இனிப்பு போட்டிருக்கு. இனிக்கவே இல்லையே."

"ஈஸ்ட் எல்லாத்தையும் தின்னுடுச்சுடா" என்றாள் ஹெர்மினியா. "உண்மையைச் சொல்லு."

"குத்துது. கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கு." தார்தோ அண்ணனைப் பார்க்காமல் கிளாஸைப் பார்த்தான். "பின்னால தேன் வாசனை வருது. லேட்டா வருது. நல்லாருக்கு."

ஹெர்மினியா நல்லா இருக்கிறது என்றாள். போச்சா, தரை துடைக்க உதவாது என்றான். ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தார்கள். காய்ச்சியவர்களின் முறை வந்தது. எசேகியேல் தொண்டையைச் செருமினான். யானினா மேசைத் துணியின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"தார்தோ" என்றான் எசேகியேல். "நாளைக்கு விடியக்காலை எங்க வீட்டு முன்னால ஹாரன் அடிக்காதே. லிவென் தூங்கிட்டிருப்பா. நானும் தூங்கிட்டிருப்பேன்."

அது பீரைப் பற்றிய பேச்சு அல்ல என்று எல்லோருக்கும் புரிந்தது. தார்தோ கிளாஸை ஒரே மடக்கில் முடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். "இப்படி ஒரு கடுப்பு பீரைக் குடிச்சுட்டு நானே நாளைக்கு எழுந்திருப்பேனான்னு தெரியல" என்றான். பிறகு எழுந்து அண்ணன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆட்டுக்கறி வெட்டப் போனான். வெகு நேரம் நெருப்புப் பக்கமே நின்றான்.

திரும்பும்போது வெயில் மலையின் பாதிக்கு ஏறிவிட்டிருந்தது. பின்தட்டில் மீதிப் பாட்டில்கள் கிணுகிணுத்தன. ஒவ்வொரு கிணுக்கத்துக்கும் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள்.

தெற்கே கொமதோரோவுக்குப் பிரியும் சாலை முனையில் எசேகியேலின் கால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தது. கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போனது. யானினா அதைப் பார்த்தாள். அந்தப் பாதியும் வண்டியில் ஏறித்தான் வருகிறது என்று தெரிந்தது. இனி அதையும் வீட்டில் வைத்துத்தான் குடித்தனம் நடத்த வேண்டும். முன்பென்றால் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பாள்.

"அந்த ரோட்டைப் பாக்கறியா?"

"ம்" என்றான் அவன். "பாத்தேன்."

"சரி." அவள் கண்ணாடியை ஏற்றினாள். "அடுத்த தடவை என்ன போடலாம்? சர்க்கரையா, தேனா?"

"நீ என்ன போடப் போறேன்னு முதல்ல சொல்லு."

"அம்மா" என்றாள் லிவென் பின்னாலிருந்து. "பெட்டி ஆடுது."

எசேகியேல் வண்டியை ஓரம் கட்டினான். இருவரும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள்.